காதுக்கே தெரியாத களவு!

"ஐயோ... காது! என் பொண்ணு காது!"

குலாஷ் போட்ட அலறலில் வீடே அதிர்ந்தது.

கூடத்தில் பாடிக்கொண்டிருந்த பெண்கள் வாய் திறந்தபடி நின்றார்கள். உள்ளறையில் கேப்டன் பெய்பித் கத்தியை ஓங்கியபடி உறைந்துபோனார்.

பயப்பட வேண்டாம். கத்திக்குக் கீழே இருந்தது ஆட்டுத் தலை. வெந்த தலை!

விருந்தில் தலையை அறுக்கும் மரியாதை நியாயப்படி மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போக வேண்டும். அவரோ, "போலீஸ்காரர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது நான் கத்தி எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று தட்டைக் கேப்டன் பக்கம் நகர்த்திவிட்டார். கேப்டன் அடுத்த வீட்டுக்காரர். அழைக்காமலே வருகிற வகை. இன்று அழைப்போடே வந்திருந்தார்.

அவர் தலையை அறுத்தால்தான் மற்றவர்கள் கறியில் கை வைக்கலாம். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விருந்து இருக்கிற நாளில் எந்தப் புத்திசாலி வீட்டில் சாப்பிடுவான்?

"பெய்பித் தம்பி! ஓடி வாங்க!"

ஆட்டுத் தலையை ஒரு முறை ஏக்கமாகப் பார்த்தார். கத்தியை வைத்தார். ஓடினார்.

பெண்ணின் அறை.

கட்டிலில் இங்கார் உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பெண். தலையில் வெள்ளை முக்காடு. அதன் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் அம்மா குலாஷ் நின்றிருந்தாள்.

"போட்டோ எடுக்கலாம்னு முக்காட்டைத் தூக்கினேன் தம்பி... பாருங்க!"

கேப்டன் பார்த்தார்.

இடது காது. காலி!

வலது காது... அதுவும் காலி!

"தோடு எங்க?"

"அதைத்தானே கேக்கறேன்!"

கேப்டனுக்குப் பசி பாதி போயிற்று. மீதிப் பாதி அப்படியேதான் இருந்தது.

ஷிம்கென்ட் ஊரில் கல்யாணப் பேச்சு எத்தனை நாள் நடந்தாலும் அது வெறும் பேச்சுதான். மாமியார் வந்து தன் கையால் பெண்ணின் காதில் தோட்டை மாட்டினால்தான் பெண் அந்த வீட்டுக்குச் சொந்தம். இன்று காலை மாமியார் வந்தாள். மாட்டினாள். முக்காடு போட்டாள். பிறகு இரண்டு சம்பந்தியம்மாக்களும் வெந்த ஈரலையும் ஆட்டு வால் கொழுப்பையும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டி, மிச்சத்தைக் கன்னத்தில் அப்பி, சிரித்து, அழுது, உறவை உறுதி செய்தார்கள்.

எல்லாம் முடிந்தது. தோடு மட்டும் பறந்துவிட்டது!

"தள்ளுங்க... தள்ளுங்கறேன்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள் ரவ்ஷான். மாப்பிள்ளையின் அம்மா. பச்சை வெல்வெட் அங்கி, கை முழங்கை வரை ஜரிகை, முகத்தில் இரண்டு ஊருக்குப் போதுமான கர்வம்.

காதைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். சரியாக நாற்காலி இருந்த இடமாகப் பார்த்துச் சாய்ந்தாள்.

"ஏழு தலைமுறைத் தோடு! என் மாமியாரோட மாமியாரோட மாமியார் போட்ட தோடு! பஞ்சத்துல விக்கல, போர்ல விக்கல... உங்க வீட்டுல வந்து மதியச் சாப்பாட்டுக்குள்ள போயிடுச்சே!"

"சம்பந்தியம்மா, எங்கயாவது விழுந்திருக்கும்..."

"ரெண்டும் சேர்ந்து விழுமா? பேசி வெச்சுக்கிட்டு விழுமா?"

கூட்டத்தில் ஒரு கிழவி "க்ளுக்" என்று சிரித்து, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டாள்.

"கேட்டுக்குங்க! தோடு கிடைச்சா சம்பந்தம். கிடைக்கலைன்னா, என் பையன் சன்ஜாருக்கு இந்த ஊர்ல வேற பொண்ணா இல்ல?"

குலாஷின் முகம் வெளுத்தது. இங்கார் சட்டென்று தலை நிமிர்ந்தாள். மூன்று வருஷமாக அவளும் சன்ஜாரும் காத்திருந்த நாள் இது. அது இரண்டு சின்ன ஓட்டை வழியாக வழிந்து போய்க்கொண்டிருந்தது.

கேப்டன் தொண்டையைச் செருமினார்.

"யாரும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. கறியில யாரும் கை வைக்கவும் கூடாது. இங்கார், நீ சொல்லு. காதுலேருந்து ஒருத்தர் தோட்டைக் கழட்டறாங்க. உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

இங்கார் தரையைப் பார்த்தாள்.

"தெரியல மாமா. காது மரத்துப் போயிருந்துச்சு."

"என்னது?"

"அண்ணிதான்... மருந்து வெச்சாங்க."

அறையில் இருந்த அத்தனை தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அங்கே, முழங்கை வரை மாவோடு நின்றிருந்தாள் அய்னாஷ். இங்காரின் அண்ணன் மனைவி. கறிக்கு அடியில் பரப்பும் பெஷ்பர்மாக் பட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள், அலறல் கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"அது வந்து அண்ணே... இவளுக்குக் குழந்தையில குத்தின ஓட்டை அடைஞ்சு போச்சு. இன்னிக்குக் காலையிலதான் பார்த்தோம். அத்தைக்குத் தெரிஞ்சா கத்துவாங்கன்னு ரகசியமா நானே குத்திட்டேன். நான் வேலை பார்க்கற அழகு நிலையத்துல ஒரு பேட்ச் உண்டு. சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும், சுத்தி பசை, உள்ள மருந்து. காதுல ஒட்டிக் கொஞ்ச நேரம் விட்டா அந்த இடம் மரத்துடும். ஊசியே இறங்கினாலும் தெரியாது. இவ ஒரு சத்தம் போடல தெரியுமா!"

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தன் கழுத்துக்குத் தானே சுருக்கு போட்டுக்கொண்டது அவளுக்குப் புரிந்தது.

ரவ்ஷான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். மயக்கம் போன இடம் தெரியவில்லை.

"பிடிங்க இவளை! காதை மரக்க வெச்சதே தோட்டை உருவத்தான்!"

"ஐயோ, நான் இல்ல!"

குலாஷ் மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கடி வெச்சிருக்க? சொல்லுடி! பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டியா?"

"அத்தை, சத்தியமா எனக்குத் தெரியாது! நான் மாவை விட்டு இந்தப் பக்கம் வரவே இல்ல..."

"கேப்டன், வண்டியைக் கூப்பிடுங்க. ஸ்டேஷன்ல வெச்சு விசாரிங்க," என்றாள் ரவ்ஷான்.

அய்னாஷ் உடைந்து அழுதாள். கண்ணீரைத் துடைத்த கை, முகம் முழுக்க மாவைப் பூசியது. கட்டிலில் இருந்த இங்கார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

கேப்டன் அதைக் கவனித்தார். பசியில் இருக்கும் மனிதனுக்குக் கண் கூர்மை அதிகம்.

"எல்லாரும் வெளியே போங்க. பொண்ணும் அண்ணியும் மட்டும் இருக்கட்டும்."

கதவு சாத்தப்பட்டது. அதன் மறுபக்கம் காதுகள் ஒட்டிக்கொண்ட சத்தம் உள்ளே கேட்டது. கேப்டன் ஓர் அதட்டல் போட, காதுகள் கூடத்துக்கு ஓடின.

கேப்டன் இங்காரின் காதருகே குனிந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"மோந்து பார்க்கறேன். வால் கொழுப்பு வாசனை! காது மடல் பளபளன்னு இருக்கு பாரு. தோட்டைக் கழட்டினவங்க கையில கொழுப்பு இருந்திருக்கு."

அய்னாஷ் தன் கைகளைப் பார்த்தாள். மாவு. வெறும் மாவு!

"அண்ணே... நான்னா காதுல மாவுதானே ஒட்டியிருக்கும்!"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். அழாத. அந்த பேட்ச் எங்க?"

"குப்பைக் கூடையில."

கேப்டன் கூடையைக் கிளறினார். தேயிலைச் சக்கைக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில் கிடந்தன இரண்டு வட்டப் பேட்ச்கள். கட்டை விரல் நகம் அளவு. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

புருவத்தை உயர்த்தினார்.

உயர்த்த வேண்டிய சமாச்சாரம்தான்.

"அய்னாஷ்."

"அண்ணே?"

"பசையில கறுப்பா முடி ஒட்டியிருக்கே."

அய்னாஷ் மாவுக் கையைப் பின்னால் மறைத்தாள்.

"இங்காருக்குக் காதுல முடி முளைக்குதா?"

இங்கார் கோபமாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். கேப்டன் திரும்பி அய்னாஷின் முகத்தை உற்றுப் பார்த்தார். மாவுக்கு நடுவில் இரண்டு புத்தம் புதிய புருவங்கள். பச்சை குத்தி வரைந்தவை. தார் ரோடு மாதிரி இருந்தன.

"எப்ப குத்தின இதை?"

"நே... நேத்து. விசேஷத்துக்கு அழகா இருக்கணும்னு."

"வலிக்கலையா?"

"இல்லண்ணே, பேட்ச் போட்டுட்டுத்தான்..."

சட்டென்று நிறுத்தினாள்.

"அதே பேட்ச்! புருவத்துல போட்டு எடுத்ததைத் திரும்ப இவ காதுல ஒட்டிட்ட!"

"தூக்கிப் போட மனசு வரல அண்ணே. பிளாஸ்டிக் தாள்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வெண்ணெய் பக்கத்துல வெச்சிருந்தேன். புருவமும் ரெண்டு, காதும் ரெண்டு... அளவு சரியா இருந்துச்சு. மருந்து கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்னு நினைச்சேன்!"

"மேல என்ன அச்சடிச்சிருக்கு? படி."

"ஒருமுறை மட்டும்..."

"நீ ரெண்டு முறை. எச்சில் தட்டுல விருந்து போட்டிருக்க."

அய்னாஷ் தலை குனிந்தாள்.

"இந்த மருந்து விஷயத்தை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"சம்பந்தியம்மாகிட்ட மட்டும்தான். தோடு மாட்டும்போது ரத்தம் கசிஞ்சுடுச்சோன்னு பயந்து காதுல சொன்னேன். 'கவலைப்படாதீங்க, இழுத்தாலும் அவளுக்குத் தெரியாது'ன்னேன். அவங்ககூட அக்கறையா, 'எவ்வளவு நேரத்துக்கு இப்படி இருக்கும்'னு கேட்டாங்க."

"ரொம்ப அக்கறைதான். நீ போய் முகத்தைக் கழுவு. உன்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

அவள் போனதும் கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு இங்காருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உன் காது மரக்கவே இல்ல."

இங்கார் முக்காட்டு முனையை விரலில் சுற்றினாள்.

"ஊசி குத்தும்போது வலிச்சிருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்ட. பச்சைப் புண்ணுலேருந்து தோட்டைக் கழட்டும்போது உயிர் போயிருக்கும். அப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்ட. யாருன்னு உனக்குத் தெரியும்."

இங்கார் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தெரியும் மாமா. சன்ஜாரோட அம்மா, அத்தைதான். வாழ்த்துச் சொல்றேன்னு கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அழற அழுகையிலேயே ரெண்டு கையையும் முக்காட்டுக்குள்ள விட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"அத்தனை பேர் முன்னால மாமியாரைத் திருடின்னு சொன்னா சன்ஜார் எனக்குக் கிடைப்பானா? அவன் நல்லவன் மாமா. அவனை நான் விட மாட்டேன்."

"அதுக்காக அண்ணியை அழ விட்டியே! அது நியாயமா?"

"நீங்க கண்டுபிடிச்சிருக்கலைன்னா நானே சொல்லியிருப்பேன். வண்டி வர வரைக்கும் விட்டிருக்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா மாமா, தன் புருவத்துல கிடந்ததை எடுத்து என் காதுல ஒட்டி, அது மேல ஊசியும் இறக்கியிருக்காங்க. அந்த முடியைக் காலையிலேயே பார்த்துட்டேன், அதான் கொஞ்ச நேரம் அழட்டும்னு விட்டேன்."

கேப்டன் தன் புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"சரி, அவங்களை உள்ள கூப்பிடுங்க. நான் பேசறேன். நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா போதும். சட்டை பட்டனை மட்டும் போட்டுக்குங்க."

ரவ்ஷான் வந்தாள். கதவு மறுபடி சாத்தப்பட்டது.

"என்ன கேப்டன், ஒத்துக்கிட்டாளா அந்த மாவுக்காரி?"

"அத்தை," என்றாள் இங்கார் மெதுவாக. "மருந்து வேலை செய்யல."

"எந்த மருந்து?"

"காதுக்கு வெச்ச மருந்து. இடது காதுல நீங்க கொக்கியைத் திருப்பிக் கழட்டினீங்க. வலது காதுல அவசரத்துல இழுத்துட்டீங்க. அதுதான் இப்பவும் எரியுது."

ரவ்ஷானின் வாய் திறந்தது. விரல்கள் ஜரிகைக் கையை இறுகப் பிடித்தன.

"கை வேற கொழகொழன்னு இருந்துச்சு," என்றார் கேப்டன் தன் பங்குக்கு. "காது மேல கொழுப்பு மணக்குது. நீங்களே மோந்து பாருங்க!"

"நா... நான் எதுக்கு என் தோட்டை நானே..."

"உங்க தோடு இல்லையே அத்தை! வாடகைத் தோடு. சாயங்காலம் கடைக்குத் திரும்பிப் போகணும்."

டமார்!

வெளியில் யாரோ தட்டைப் போட்டு உடைத்தார்கள். ஆனால் ரவ்ஷானின் முகத்தைப் பார்த்தால், அங்கேதான் ஏதோ உடைந்த மாதிரி இருந்தது.

கர்வம் போனது. குரல் இறங்கியது. வெல்வெட் அங்கிக்குள் இருந்தவள் திடீரென்று சுருங்கிப் போனாள்.

"ஊர் முழுக்கச் சொல்லிட்டேன் இங்கார்... எங்ககிட்ட ஏழு தலைமுறை நகை இருக்குன்னு. என் மாமியார் எனக்குப் போட்டது பித்தளை. அதை எப்படிக் கொண்டு வர்றது? இன்னிக்கு ஒரு நாள் போட்டுட்டு, பத்திரமா வெச்சிருக்கேன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். உங்க அம்மா, கல்யாணம் வரைக்கும் காதுலேருந்து கழட்டவே கூடாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"அதுக்காக இன்னொரு வீட்டு மருமகளை ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?" என்றார் கேப்டன். இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை.

ரவ்ஷான் ஜரிகைக் கைக்குள் விரலை விட்டாள். இரண்டு தோடுகளும் வெளியே வந்தன. கனமான வெள்ளி. நடுவில் சிவப்புக் கல். கல் பாவம், வெட்கத்தால் சிவந்த மாதிரி இருந்தது.

இங்கார் அவற்றை வாங்கவில்லை.

"உட்காருங்க அத்தை. உங்க வீட்டுல காலையில டீ யாரு போடுவாங்க?"

"மருமகதான்... அதாவது... நீதான்..."

இங்கார் வலது காதைத் தொட்டு "ஸ்ஸ்" என்றாள்.

"நானே போடறேன்!"

"வர்ற விருந்தாளிக்கெல்லாம் ஊத்தித் தர்றது?"

"அதுவும் நானே!"

"காலையில நான் எப்ப எழுந்திருக்கணும்?"

"உனக்கு எப்பத் தூக்கம் கலையுதோ அப்ப!"

"என் வேலை?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றியே, அதுவா? தாராளமா பண்ணு. நான் ஏன் கேக்கப் போறேன்?"

கேப்டன் எழுந்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. வெளியே போய் எல்லார் முன்னாலயும் அய்னாஷ்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லைன்னா நான் விசாரணையைத் தொடங்குவேன். கறி ஆறிப்போனாலும் பரவாயில்லன்னு தொடங்குவேன்."

அவர் வாழ்க்கையில் கொடுத்த மிகக் கடுமையான மிரட்டல் அதுதான்.

சற்று நேரத்தில் கூடம் குதூகலித்தது. தோடு முக்காட்டு ஜாலரில் சிக்கியிருந்ததாம்! ரவ்ஷானே கண்டெடுத்தாளாம்! "அவசரப்பட்டு வாய விட்டுட்டேம்மா, மன்னிச்சுடு," என்று அவள் அய்னாஷைக் கட்டிக்கொண்டாள். அய்னாஷ் முதல் வேலையாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குலாஷும் மருமகளின் கையைப் பிடித்து ஏதோ முனகினாள். அதற்கு மேல் ஒரு மாமியாரிடம் எதிர்பார்ப்பது பேராசை.

"இந்தப் புனிதமான நகை இங்க பத்திரமா இல்ல. கல்யாணத்துக்கு நானே கொண்டு வரேன்," என்றாள் ரவ்ஷான்.

எல்லாரும் தலையாட்டினார்கள். தட்டுகள் நிறைந்தன.

கேப்டன் ஆட்டுத் தலையை ஒரு வழி பண்ணிவிட்டு, பால்கனிப் பக்கம் வந்தார். இங்கார் அங்கே தனியாக நின்று காதுக்கு ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சந்தேகம் இங்கார். யார் கழட்டினாங்கன்னு காது சொல்லும். வாடகைன்னு எது சொல்லிச்சு?"

இங்கார் சிரித்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றேன்ல மாமா... அது என்னன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கல்யாண உடுப்பு, நகை எல்லாம் வாடகைக்கு விடற கடைக்கு ஆர்டர் எடுக்கறேன். வீட்டுலேருந்தே. போன வாரம் அத்தை, நான்னு தெரியாமலே எனக்குத்தான் மெசேஜ் அனுப்பினாங்க. 'ஏழு தலைமுறைப் பழசு மாதிரி இருக்கணும், பளபளப்பு கூடாது'ன்னு. நான்தான் தேடி எடுத்து, கொஞ்சம் புகை காட்டிக் கறுக்க வெச்சு அனுப்பினேன்."

கேப்டன் மென்றுகொண்டிருந்த கறி வாயில் பாதியிலேயே நின்றுபோயிற்று.

"அப்ப... கல்யாணம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு உங்க அம்மா சொன்னது?"

"நான் சொல்லச் சொன்னது. அத்தை எப்படியும் திரும்ப எடுத்தாகணும். எப்படி எடுக்கப் போறாங்கன்னுதான் எனக்குத் தெரியல. அதுக்கு அண்ணியே வழி பண்ணிக் கொடுத்துட்டாங்க."

"அடிப்பாவி! திருடினது அவங்க... திட்டம் உன்னுதா?"

"திட்டம் எல்லாம் இல்ல மாமா. டீ ஊத்தி ஊத்தி முதுகு வளைஞ்சுபோன என் பெரியக்காவைப் பார்த்திருக்கேன். அவ்வளவுதான்."

கேப்டன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். தொந்தியும் சேர்ந்து குலுங்கியது.

"நல்ல வேளை, எங்க வீட்டுல இந்த ஃபோர்ஜரி வேலையெல்லாம் கிடையாது. நாளைக்கு என் பையனுக்குப் பார்த்த பொண்ணுக்குத் தோடு போடற விசேஷம். என் பொண்டாட்டி எடுத்துட்டுப் போறது எங்க குடும்பத்தோட நிஜப் பரம்பரை நகை!"

இங்கார் காதிலிருந்து ஐஸை எடுத்தாள். கேப்டனை மேலும் கீழும் பார்த்தாள். மாமியாரிடம்கூடக் காட்டாத இரக்கம் இப்போது அவள் கண்ணில் வந்தது.

"உங்க வீட்டம்மா ஒன்பது தலைமுறை கேட்டிருக்காங்க மாமா... நான்தான் அவ்வளவு பழசு ஸ்டாக் இல்லைன்னு சொல்லியிருக்கேன்!"